எ நியூ நேஷன் வோட்ஸ்: சட்டமன்றம் தேர்ந்தெடுத்த ஆளுநர்களைத் தேடும்போது

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், 1790. மாநிலத்தின் தலைமைப் பதவிக்கு மக்கள் போட்ட வாக்குகளை வரிசைப்படுத்தினால் முதலிடத்தில் ஜான் பிக்கரிங், இரண்டாமிடத்தில் ஜோஷுவா வென்ட்வொர்த், மூன்றாமிடத்தில் ஜோசையா பார்ட்லெட். பதவியேற்றவரோ பார்ட்லெட். மூன்றாவதாக வந்தவர் எப்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்? இதற்கான பதில் 1784-இல் நடைமுறைக்கு வந்த அந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு விழாவிட்டால், அதிக வாக்குப் பெற்ற நால்வரிலிருந்து இருவரைச் சட்டமன்றத்தின் கீழவை பொறுக்கும். அந்த இருவரில் ஒருவரை மேலவையான செனட் தேர்ந்தெடுக்கும். நால்வருக்குள் வந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு மூன்றாமிடத்துக்கும் முதலிடத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

இப்படிப்பட்ட தேர்தல்களைத் தேடிப் படிக்க இன்று இணையத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த சேவை 'எ நியூ நேஷன் வோட்ஸ்'. 1787 முதல் 1825 வரையிலான அமெரிக்கத் தேர்தல் முடிவுகளின் தரவுத்தளம் இது. மசாசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் உள்ள அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டியும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. கட்டணம் கிடையாது. அதிபர், காங்கிரஸ், ஆளுநர், மாநில சட்டமன்றம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு), நகரம் என்று எல்லா மட்டத்துப் பதவிகளும் உண்டு. இந்த மதிப்புரை அதில் ஒரே ஒரு மூலையைப் பற்றியது: ஆளுநரை மக்கள் முடிவு செய்யாமல் சட்டமன்றம் முடிவு செய்த தேர்தல்களுக்கு இது எவ்வளவு பயன்படும், எங்கே நம்மை வழுக்கி விழவைக்கும் என்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே ஆளுநர் என்றால் டெல்லியிலிருந்து நியமிக்கப்பட்டு வருபவர் இல்லை. அமெரிக்க மாநிலத்தில் ஆளுநர்தான் நிர்வாகத் தலைவர். நம் முதல்வர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர். 1776-இல் மாநில அரசியல் சட்டங்களை எழுதியவர்களுக்கு, பிரிட்டிஷ் மன்னர் அனுப்பிய ஆளுநர்களோடு பட்ட பாடு இன்னும் ஆறாமல் இருந்தது. அதனால் பல மாநிலங்கள் அந்தப் பதவியைச் சட்டமன்றத்தின் பிடிக்குள் வைத்தன. வர்ஜீனியா, மேரிலாந்து, நியூ ஜெர்சி, டெலவேர், வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றில் தொடக்கத்தில் மக்கள் இந்தப் பதவிக்கு வாக்களிக்கவே இல்லை. மசாசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், கனெக்டிகட் ஆகியவற்றில் மக்கள் வாக்களித்தார்கள்; யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காதபோது மட்டும் சட்டமன்றம் உள்ளே வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தரவுத்தளத்தைத் திறந்தால், சரியான பக்கத்தில் இருந்தாலும் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

சேவையின் அடித்தளம் ஒரே மனிதரின் உழைப்பு. பிலிப் லாம்பி பல பத்தாண்டுகளாக நூலகம் நூலகமாகப் போய், பழைய செய்தித்தாள்களையும் கையெழுத்து ஆவணங்களையும் புரட்டி, ஊர்வாரியான வாக்குகளைக் கையால் நோட்டுகளில் எழுதிச் சேர்த்தார். அந்தக் காலத்து வாக்குக் கணக்குகள் பல மாநிலங்களில் முழுமையாக எங்கும் அச்சானதில்லை. சில இடங்களில் அரசு ஆவணமே இன்று இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்ட அட்டவணைதான் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. பல பதிவுகளில் லாம்பியின் நோட்டுப் பக்கத்தின் படமும் சேர்த்தே கிடைக்கிறது. தட்டச்சு செய்யப்பட்ட எண்ணில் சந்தேகம் வந்தால் படத்தைத் திறந்து ஒப்பிடலாம். ஒரு தரவுத்தளம் தன் மூல ஆதாரத்தை இப்படித் திறந்து காட்டுவதுதான் அதன் மீது நம்பிக்கை வரக் காரணம். இந்தச் சேவையைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும்.

தேடும் முறைக்கு வருவோம். மாநிலம், ஆண்டு, பதவி, வேட்பாளர் பெயர், கட்சி என்று வடிகட்டிகள் உண்டு. மாநிலத்தையும் பதவியையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆண்டை வைத்து உடனே சுருக்காதீர்கள். காரணம், தேர்தல் நடந்த மாதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஹாம்ப்ஷயரில் மார்ச், மசாசூசெட்ஸில் ஏப்ரல், வெர்மான்ட்டில் செப்டம்பர். சட்டமன்றமே தேர்ந்தெடுத்த மாநிலங்களில் அவை கூடும் காலத்தைப் பொறுத்தது. வர்ஜீனியாவில் பெரும்பாலும் ஆண்டின் கடைசி வாரங்களில் வரும். பதவிக்காலத்தை வைத்து ஆண்டு போடும் பட்டியல்களோடு ஒப்பிடும்போது ஓராண்டு முன்பின்னாகத் தெரிவது இதனால்தான். அதேபோல் 'கவர்னர்' என்ற பெயரில் மட்டும் தேடி நிறுத்திவிட வேண்டாம். டெலவேரிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் 1792 வரையிலான அரசியல் சட்டங்களில் அந்தப் பதவியின் பெயர் 'பிரசிடென்ட்'. பென்சில்வேனியாவிலும் 1790 வரை நிர்வாகக் குழுவின் தலைவர்தான், அவரும் 'பிரசிடென்ட்' தான்.

பதிவு திறந்ததும் கண் நேராக எண்களுக்குப் போகும். அதைத் தடுத்து, முதலில் 'டைப்' என்று இருக்கும் வரியைப் படியுங்கள். 'ஜெனரல்' என்றால் மக்கள் வாக்கு. 'லெஜிஸ்லேட்டிவ்' என்றால் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு. முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று குறிப்பு இருந்தால் அதையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வாக்கு இருக்கும் பக்கமும், நூற்றுக்கணக்கில் இருக்கும் பக்கமும் ஒரே பதவிக்கு, ஒரே ஆண்டுக்கு உரியவையாக இருக்கலாம். பிறகு அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்புகள். அதற்கும் கீழே எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்ற ஆதார வரிகள். இந்த மூன்றையும் படித்த பிறகுதான் எண்களைத் தொட வேண்டும்.

எண்கள் குறைவாக இருந்தாலும் ஒரு பதிவு எவ்வளவு சொல்லும் என்பதற்கு நியூ ஜெர்சி 1802-ஐ எடுத்துக்கொள்ளலாம். 1776 அரசியல் சட்டப்படி மேலவையும் கீழவையும் ஒரே அறையில் கூடி, ஆண்டுதோறும் ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கூட்டுக் கூட்டத்தை அங்கே 'ஜாயின்ட் மீட்டிங்' என்பார்கள். கவுண்டிக்கு ஒரு மேலவை உறுப்பினர்; கீழவையில் மொத்தம் 39 உறுப்பினர்கள். கவுண்டிகள் 13. ஆக 13-உம் 39-உம் சேர்த்து 52 பேர். இரட்டைப்படை எண், சமநிலையை உடைக்க எந்த வழியும் எழுதி வைக்கப்படவில்லை. 1802 இலையுதிர் காலத்தில் ரிபப்ளிக்கன் கட்சியின் (இது ஜெஃபர்சனின் கட்சி, இன்றைய ரிபப்ளிக்கன் கட்சி அல்ல) ஜோசப் புளூம்ஃபீல்டுக்கு 26, ஃபெடரலிஸ்ட் கட்சியின் ரிச்சர்ட் ஸ்டாக்டனுக்கு 26. யாரும் இறங்கி வரவில்லை. அந்த ஓராண்டுக்கு நியூ ஜெர்சிக்கு ஆளுநரே இல்லை. மேலவையின் துணைத் தலைவர் ஜான் லாம்பெர்ட் 1802 நவம்பர் முதல் 1803 அக்டோபர் வரை பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். அங்கே ஆளுநர்தான் மேலவையின் தலைவர், சான்சரி நீதிமன்றத்தின் தலைவரும் அவரே. எனவே காலியாக இருந்தது ஒரு அலங்காரப் பதவி அல்ல.

இந்த மாதிரி இடத்தில் தரவுத்தளத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பது முக்கியம். பதிவு செய்யப்பட்ட இரு எண்களும் சமமாக இருந்தால், அதைத் தட்டச்சுப் பிழை என்றோ முழுமையடையாத தகவல் என்றோ தள்ளிவிடக் கூடாது. முதலில் அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை அந்த ஆண்டின் அரசியல் சட்டத்திலிருந்து கணக்கிடுங்கள். வாக்குகளின் கூட்டுத்தொகை அதற்குப் பொருந்தினால் முடிவே அதுதான். குறைந்தால், உறுப்பினர் வராமல் இருந்தார்களா, வெற்று வாக்கு போட்டார்களா, பத்திரிகை முழு எண்ணிக்கையைப் போடவில்லையா என்று பார்க்க வேண்டும். சட்டமன்றத் தேர்வில் இந்தச் சரிபார்ப்பு எளிது. மக்கள் வாக்கில் இப்படி ஒரு உச்ச வரம்பு கைக்குக் கிடைக்காது.

பெயர் விஷயத்திலும் இதே பதிவு ஒரு பொறி. ரிச்சர்ட் ஸ்டாக்டன் என்ற பெயரில் இருவர் உண்டு. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தந்தை, 1802-இல் போட்டியிட்ட மகன். தந்தையும் 1776-இல் இதே பதவிக்கு வில்லியம் லிவிங்ஸ்டனோடு முதல் வாக்கெடுப்பில் சமநிலையில் நின்றார். அடுத்த வாக்கெடுப்பில் லிவிங்ஸ்டன் வென்றார். பெயரை மட்டும் நம்பித் தேடினால் இருவரையும் ஒன்றாக்கிவிடுவோம். தரவிறக்கக் கோப்பில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

தந்தையின் அந்தச் சமநிலை தரவுத்தளத்தில் கிடைக்காது என்பது இதன் முதல் பெரிய குறை. தொடக்கம் 1787. சட்டமன்றத் தேர்வின் மிகச் சூடான ஆண்டுகள் அதற்கு முந்தையவை. 1776 ஜூனில் வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி 60 வாக்கும் தாமஸ் நெல்சன் 45 வாக்கும் பெற்ற முதல் தேர்வு; 1779-இல் தாமஸ் ஜெஃபர்சன் இரண்டாம் சுற்றில் ஜான் பேஜை 67-க்கு 61 என்று தாண்டியது; 1785-இல் மசாசூசெட்ஸ் கீழவை அனுப்பிய இரு பெயர்களில் செனட் ஜேம்ஸ் பவுடினைத் தேர்ந்தெடுத்தது. இவை மூன்றுக்கும் அவைக் குறிப்பேடுகளிடம்தான் போக வேண்டும். வர்ஜீனியா முறையைக் குறிப்பேட்டில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே இரு அவைகளும் ஒரே அறையில் கூடுவதில்லை. அவரவர் அவையில் வாக்குச்சீட்டுப் போட்டு, பெட்டிகளைக் கலந்தாய்வு அறைக்குக் கொண்டுவந்து, இரு அவைகளின் கூட்டுக் குழு எண்ணும். ஆகவே கீழவைக் குறிப்பேட்டில் 'குழு அறிக்கை தந்தது' என்று தொடங்கும் பத்தியைப் பிடித்தால்தான் எண்ணிக்கை கிடைக்கும்.

தென் மாநிலங்களின் பதிவுகள் வட மாநிலப் பதிவுகளைவிட மெலிந்து இருப்பதற்கும் இந்த மறைவு வாக்கெடுப்பே ஒரு காரணம். மக்கள் வாக்கு என்றால் ஊர்வாரியாக எண் வெளிவரும், இரு கட்சிப் பத்திரிகைகளும் போட்டி போட்டு அச்சிடும். சட்டமன்றத் தேர்வு என்றால் 'இன்னார் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்ற ஒற்றை வரியோடு பத்திரிகை நகர்ந்துவிடும். தோற்றவர் யார், எத்தனை வாக்கு என்பதைப் போட வேண்டிய அவசியமே பலருக்குத் தோன்றவில்லை. போட்டியில்லாமல் மறுமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டுகளில் இன்னும் மோசம். எண் இல்லாத பதிவைப் பார்த்து வேலை அரைகுறை என்று முடிவு கட்டுவது நியாயமில்லை; மூலத்திலேயே இல்லாததை லாம்பி கற்பனை செய்து நிரப்பவில்லை.

வட கரோலினாவில் இன்னொரு எச்சரிக்கை. 1802-இல் சட்டமன்றம் ஜான் பேப்டிஸ்டா ஆஷ்-ஐ ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. பதவியேற்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். சட்டமன்றம் மறுபடி கூடி ஜேம்ஸ் டர்னரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு மாநிலத்துக்கு ஓராண்டுக்கு ஒரு தேர்வு என்று எண்ணி வைத்திருந்தால் இந்த இடத்தில் கணக்கு உதைக்கும்.

மக்கள் வாக்களித்து, முடிவு சட்டமன்றத்துக்குப் போன மாநிலங்களில்தான் இந்தச் சேவையின் முழு அருமையும் தெரிகிறது. வெர்மான்ட்டில் 1789-இல் தாமஸ் சிட்டண்டன்தான் அதிக வாக்குப் பெற்றவர். ஆனால் பாதியைத் தாண்டவில்லை. வுட்பிரிட்ஜ் என்ற புதிய ஊருக்கான நிலத்தைச் சட்டமன்ற ஒப்புதல் இல்லாமல் மாநிலத்தின் செல்வாக்குள்ள அரசியல்வாதியான ஐரா ஆலனுக்கு எழுதிக் கொடுத்த விவகாரம் அப்போது வெடித்திருந்தது. சட்டமன்றம் மோசஸ் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1813-இல், தாமஸின் மகன் மார்ட்டின் சிட்டண்டனும் ஜோனஸ் கலூஷாவும் மோதினார்கள். மக்கள் வாக்கில் கலூஷா சற்று முன்னால். யாருக்கும் பாதி தாண்டவில்லை. சட்டமன்றத்தின் கூட்டு வாக்கெடுப்பில் சிட்டண்டன் 112, கலூஷா 111. ஒரே ஒரு வாக்கு. தந்தையை இறக்கிய அதே விதி மகனை ஏற்றியது. அவர் ஃபெடரலிஸ்ட், பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, மாநில எல்லையைத் தாண்டிப் போயிருந்த வெர்மான்ட் படையினரைத் திரும்பி வரச் சொல்லி ஆணையிட்டார். அந்த ஒரு வாக்கின் எடை இது.

இங்கே உதிரி வாக்குகளைக் கவனிக்காமல் படிக்க முடியாது. 'ஸ்கேட்டரிங்' என்று ஒரு வரி பல பதிவுகளில் வரும். ஆளுக்கு இரண்டு, மூன்று என்று யார் யாருக்கோ விழுந்த வாக்குகளின் தொகுப்பு அது. இன்றைய பழக்கத்தில் அதைக் கழித்துவிட்டு முதல் இருவரை மட்டும் ஒப்பிடுவோம். பாதியைத் தாண்ட வேண்டும் என்ற விதி உள்ள மாநிலத்தில் அந்த உதிரி வாக்குகள்தான் தேர்தலைச் சட்டமன்றத்துக்குத் தள்ளுகின்றன. கணக்கு இப்படி: உதிரிகளையும் சேர்த்து மொத்தம் போடுங்கள், இரண்டால் வகுங்கள், முதலிடத்தவர் அதைத் தாண்டினாரா பாருங்கள். முன்னிலை எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வராது.

மசாசூசெட்ஸ் 1806 இதற்கு நல்ல உதாரணம். கேலப் ஸ்ட்ராங் 37,740. ஜேம்ஸ் சல்லிவன் 37,109. வித்தியாசம் 631. பார்த்தால் முடிந்த கதை மாதிரி இருக்கும். ஆனால் சட்டமன்றம் சல்லிவனின் ரிபப்ளிக்கன் கட்சியின் கையில். ஸ்ட்ராங்கின் வாக்கு பாதிக்குக் கீழே இறங்கினால் முடிவு தங்களிடம் வந்துவிடும் என்று ஊர்களிலிருந்து வந்த கணக்குகளை எழுத்துப் பிழை, படிவப் பிழை என்று ஒவ்வொன்றாகத் துருவினார்கள். கடைசியில் ஸ்ட்ராங்தான் ஆளுநர் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பத்திரிகையில் வந்த எண்ணும் சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட எண்ணும் வேறுபடக்கூடிய இடம் இது. தரவுத்தளத்தில் இப்படிப்பட்ட ஆண்டுகளில் அடிக்குறிப்பைப் படிக்காமல் மொத்தத்தை மேற்கோள் காட்டினால் எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

நியூ ஹாம்ப்ஷயருக்குத் திரும்பினால், ஒரே மாநிலத்தில் விதியும் மாறியிருக்கிறது. 1792-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது 'நால்வரில் இருவர்' முறையை எடுத்துவிட்டு, முதல் இருவரில் ஒருவரை இரு அவைகளும் கூட்டாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். 1812-இல் இந்தப் புதிய விதிக்குத்தான் வேலை வந்தது. ஃபெடரலிஸ்ட் ஜான் டெய்லர் கில்மன் மக்கள் வாக்கில் மயிரிழை முன்னால். ரிபப்ளிக்கன் வில்லியம் பிளூமர் இரண்டாவது. சட்டமன்றம் 104-க்கு 82 என்று பிளூமரைத் தேர்ந்தெடுத்தது. 1790 விதியை வைத்து 1812-ஐப் படித்தால் எல்லாமே குழம்பும். தரவுத்தளத்தில் பதவிகளுக்கும் கட்சிகளுக்கும் சிறு விளக்கப் பட்டியல்கள் உண்டு, நல்லவை. ஆனால் எந்த ஆண்டில் எந்த மாநிலத்தில் எந்தத் தேர்வு விதி நடப்பில் இருந்தது என்பதை ஒவ்வொரு பதிவின் தலையிலும் இரண்டு வரியில் போட்டிருந்தால் புதியவர்களின் பாதித் தவறு குறையும். இந்தச் சேவையிடம் நியாயமாகக் கேட்கக்கூடிய ஒரே பெரிய மேம்பாடு அதுதான். அதுவரை மாநில அரசியல் சட்டத்தின் வாசகத்தைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வைத்துக்கொள்வதே வழி.

பாதி தாண்ட வேண்டும் என்ற விதி இருந்தாலே சட்டமன்றம் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. ரோட் ஐலண்ட் 1806-இல் ரிச்சர்ட் ஜாக்சன் 1,662, ஹென்றி ஸ்மித் 1,097, பெலெக் ஆர்னால்டு 1,094. முதலிடத்தவர் தெளிவாக முன்னால், ஆனால் மற்ற இருவரின் கூட்டுத்தொகை 2,191. ரோட் ஐலண்ட் அப்போதும் 1663-இன் அரச சாசனத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டமன்றம் யாரையும் ஆளுநராக்கவில்லை. பதவி காலியாகக் கிடக்க, துணை ஆளுநர் ஐசக் வில்போர் பொறுப்பைப் பார்த்தார்.

நியூ யார்க் இந்தப் பட்டியலில் சேராது. 1777 முதலே சொத்துள்ளவர்கள் நேரடியாக ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எண்ணுகிறவர்கள் சட்டமன்றத்தின் ஆட்கள்: அவைக்கு ஆறு பேர் என்று 12 பேர் கொண்ட கூட்டுக் குழு. 1792-இல் ஜார்ஜ் கிளின்டன் 8,440, ஜான் ஜே 8,332 என்று குழு அறிவித்தது. வித்தியாசம் 108. இந்த மொத்தத்தில் ஒட்செகோ, டியோகா, கிளின்டன் ஆகிய மூன்று கவுண்டிகள் இல்லை. வாக்குப் பெட்டியை ஷெரிஃப் (கவுண்டியின் சட்ட அமலாக்க அதிகாரி) அல்லது அவரால் முறைப்படி நியமிக்கப்பட்டவர் தலைநகரில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்செகோவில் பெட்டியை வாங்கி அனுப்பிய ஷெரிஃபின் பதவிக்காலம் முடிந்திருந்தது. மற்ற இரண்டிலும் கொண்டுவந்தவரின் நியமனம் செல்லாது என்றார்கள். நியூ யார்க்கின் அமெரிக்க செனட்டர்கள் இருவரில் ரூஃபஸ் கிங் அந்த வாக்குகளை எண்ண வேண்டும் என்றும் ஏரன் பர் எண்ணக் கூடாது என்றும் எழுத்தில் கருத்துச் சொன்னார்கள். குழு எண்ண மறுத்தது. எனவே நியூ யார்க் 1792 பக்கத்தைக் கவுண்டிவாரியாகத் திறக்கும்போது, ஒரு கவுண்டி வெறுமையாக இருந்தால் அங்கே தேர்தல் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆதாரக் குறிப்பைத் திறந்து, தகவல் கிடைக்காததா, எண்ண மறுத்ததா என்று பிரித்துப் பார்ப்பது வாசகரின் வேலை.

தரவிறக்கிக் கணக்குப் போடுபவர்களுக்குச் சில குறிப்புகள். கோப்பு தாவல் (டேப்) குறியால் பிரிக்கப்பட்டது. எக்செல், லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் திறக்கும். இறக்குமதி செய்யும்போது பிரிப்பானைத் தாவல் என்று கைப்படத் தேர்ந்தெடுங்கள். மாநில மொத்தம், கவுண்டி மொத்தம், ஊர் எண்ணிக்கை ஆகிய வரிகள் கலந்து வரும் கோப்புகளில் நெடுவரிசை முழுவதையும் கூட்டினால் வாக்குகள் இரண்டு மூன்று மடங்காகும். கவுண்டிப் பெயர் காலியாக உள்ள வரிகளை ஒரு தாளிலும், கவுண்டி உள்ளவற்றை இன்னொரு தாளிலும் பிரித்து, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பிழை என்று திருத்தாமல், எந்த ஊர் விடுபட்டது என்று தேடுங்கள். தாமதமாக வந்த ஊர்க் கணக்கை மொத்தத்தில் சேர்த்துவிட்டு ஊர்வாரியாகப் போடாத பத்திரிகைகள் நிறைய. மக்கள் வாக்கையும் சட்டமன்ற வாக்கையும் ஒருபோதும் ஒரே தாளில் வைக்காதீர்கள்.

கட்சி நெடுவரிசையைப் பாதிதான் நம்பலாம். மசாசூசெட்ஸ், வெர்மான்ட் போன்ற வடகிழக்கு நியூ இங்கிலாந்து மாநிலங்களில் 1800-க்குப் பிறகு ஃபெடரலிஸ்ட், ரிபப்ளிக்கன் என்ற பிரிவு தெளிவு. 1790-களின் தொடக்கத்தில் பலருக்குக் கட்சி முத்திரையே பொருந்தாது. அந்த இடம் காலியாக இருப்பதே சரி. ஜார்ஜியாவில் 1820 வாக்கில் எல்லோரும் பெயரளவில் ரிபப்ளிக்கன்கள், உண்மையான பிளவு ஜான் கிளார்க் அணி, ஜார்ஜ் டிரூப் அணி என்று ஆட்களைச் சுற்றி இருந்தது.

இதே தரவுகளை வைத்து ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 'மேப்பிங் எர்லி அமெரிக்கன் எலெக்‌ஷன்ஸ்' என்ற வரைபடத் தளத்தை உருவாக்கியிருக்கிறது. பார்க்க அழகானது, கவுண்டிவாரி நிறங்கள் உண்டு. அது காங்கிரஸ் தேர்தல்களுக்கு மட்டும். ஆளுநர் தேர்வுக்கு அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புதிதாகப் பழக விரும்புபவர்கள் ஜார்ஜியாவில் தொடங்குவது நல்லது. 1795 திருத்தத்துக்குப் பிறகு அங்கே இரு அவைகளும் சேர்ந்து வாக்களித்தன. 1819-இல் கிளார்க் 73, டிரூப் 60. 1821-இல் கிளார்க் 74, டிரூப் 72. 1823-இல் டிரூப் 85, மேத்யூ டால்பட் 81. மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகையைப் போட்டுப் பாருங்கள்: 133, 146, 166. புதிய கவுண்டிகள் உருவாக உருவாக அவை பெரிதாகிக்கொண்டே போனது இந்த எண்களிலேயே தெரியும். 1824-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஆளுநர் தேர்வை மக்களிடம் கொடுத்தார்கள். 1825-இல் அதே இருவர் மறுபடி மோதினார்கள்: டிரூப் 20,545, கிளார்க் 19,862. அதுவரை இரு அவைகளின் கூட்டத்துக்குள் அடங்கியிருந்த போட்டியில் முதல் தடவையாக 40,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்திருந்தார்கள்.